ரெய்னர்ஸ் லேனில் பதினோரு ரிவால்வர்கள்

லண்டன் விமான நிலையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் அதிகாரி, எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். தங்கையைப் பார்க்க என்றேன். என்ன தொழில் என்று கேட்டார். திருச்சியில் துப்பாக்கிக் கடை வைத்திருக்கிறேன் என்றேன். தட்டச்சு செய்துகொண்டிருந்த அவருடைய விரல்கள் நின்றன. வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர் அரை அடி பின்வாங்கினார்.

விசா விண்ணப்பத்திலும் அதையே எழுதியிருந்ததால் மாற்றிச் சொல்ல வழியில்லை. அரசு உரிமம் பெற்ற கடை என்று விளக்கினேன். வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் வங்கிக் காவலாளிகள், மீதிப் பேர் மக்காச்சோளத்தைக் காட்டுப்பன்றியிடமிருந்து காப்பாற்ற நினைக்கும் விவசாயிகள் என்றேன். தேர்தல் வந்தால் சுற்று வட்டாரத்தில் உரிமம் உள்ள துப்பாக்கிகளெல்லாம் என் கடைக்கு வந்து ஓய்வெடுத்துவிட்டு, முடிவு வெளியான பிறகு வீடு திரும்பும் என்பதையும் சொல்லிவைத்தேன். பயந்தால் நான் அதிகம் பேசுவேன்.

"இப்போது துப்பாக்கி எதுவும் கொண்டுவந்திருக்கிறீர்களா?"

"முறுக்கு மட்டும்தான்."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் போகச் சொல்லிவிட்டார்.

தங்கையைப் பார்க்க வந்தேன் என்றது பாதி உண்மைதான். மீதிப் பாதி, தங்கை கணவர் ஞானத்தின் ரிவால்வர். அது சுழல மறுத்தது. லண்டனில் எத்தனையோ துப்பாக்கி மெக்கானிக்குகள் இருக்கும்போது, அதற்காக என்னை விமானம் ஏற்றி வரவழைத்திருந்தார். "வெள்ளைக்காரன் கையில குடுக்க மனமில்லை மச்சான். நீங்கள்தான் வரவேணும்" என்று போனில் சொன்னார். அறுபது வயதுக்கு மேல் ஒருவருக்கு இப்படி ஒரு மரியாதை கிடைத்தால் மறுக்க முடியுமா?

ஞானம் யாழ்ப்பாணத்துக்காரர். ஊரில் சண்டை மும்முரமாக இருந்த காலத்தில் தப்பி வந்து, திருச்சியில் எங்கள் கடைக்கு எதிரே ஒரு மாடியில் இரண்டு வருடம் வாடகைக்கு இருந்தார். அந்த இரண்டு வருடத்தில் ஒரு தடவைகூடக் கடைக்குள் காலெடுத்து வைத்ததில்லை. தெருவைக் கடக்கும்போதே எங்கள் பெயர்ப்பலகையைப் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொள்வார். ஆனால் கடைக்கு மேல் மாடியில் நாங்கள் குடியிருந்த வீட்டை மட்டும் நன்றாகப் பார்த்திருக்கிறார் என்பது, என் தங்கை பவானி அவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று சொன்ன அன்று தெரிந்தது. பிறகு லண்டன், பெட்ரோல் நிலையத்தில் இரவு ஷிப்ட், படிப்பு, ஒரு கணக்காளர் அலுவலகத்தில் வேலை, ரெய்னர்ஸ் லேனில் வீடு, ஓய்வு. ஓய்வுபெற்ற பிறகுதான் பழைய ரிவால்வர் சேர்க்கும் பழக்கம் வந்தது. சிலருக்குச் சர்க்கரை வருகிற வயதில் அவருக்கு இது வந்தது.

சனிக்கிழமை மதியம் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். வாசலில் பத்து ஜோடிச் செருப்புகள், உள்ளே தேங்காய்ப்பால் சொதியின் மணம். பவானி என்னைக் கட்டிக்கொண்டு, "என்ன அண்ணா, மெலிஞ்சு போனீங்கள், வாங்கோ, இருங்கோ" என்றாள். உறையூரில் பிறந்தவள் முப்பது வருடத்தில் முழு யாழ்ப்பாணத்துக்காரி ஆகிவிட்டாள். அழும்போது மட்டும் திருச்சி வரும் என்று பிறகு கண்டுகொண்டேன்.

இடியப்பமும் சம்பலும் சாப்பிட்டு முடிக்குமுன்பே ஞானம் என்னைக் கையைப் பிடித்து முன்னறைக்கு இழுத்துப் போனார். சுவரில் ஒரு கண்ணாடி அலமாரி, அதன் பூட்டின் சாவி அவர் கழுத்துச் சங்கிலியில். உள்ளே பச்சை வெல்வெட்டில் பதினோரு ரிவால்வர்கள். அலமாரிக்கு மேலே சந்தனம் வைத்த பிள்ளையார். பக்கத்தில் மகளின் பட்டமளிப்புப் படம்.

நான் துப்பாக்கிகளோடு பிறந்து வளர்ந்தவன். ஆனால் என் கடையில் இருப்பவை வேலைக்காரத் துப்பாக்கிகள். இவை வேறு சாதி. ஒன்றுக்கு யானைத் தந்தப் பிடி. ஒன்றில் குழலைச் சுற்றித் திராட்சைக் கொடி செதுக்கியிருந்தது. சட்டைப்பையில் அடங்கும் ஒன்று, பிரெஞ்சுச் சீமாட்டி ஒருத்தியின் கைப்பையில் இருந்தது என்று விற்றவன் சொன்னானாம். விற்பவர்கள் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான்.

பதினோராவதை அவர் எடுத்த விதமே வேறாக இருந்தது. இரண்டு கையாலும், தூங்கும் குழந்தையைத் தூக்குவதுபோல. நூறு வருடத்துக்கு மேல் பழசு, பர்மிங்காமில் செய்தது, மற்றவற்றோடு பார்த்தால் சாதாரணமானது. கைப்பிடியின் அடியில் ஒரு பித்தளைத் தகடு. அதில் ஆங்கில எழுத்தில், யாழ்ப்பாணம்.

"கென்ட் பக்கத்தில ஒரு பழைய வீட்டைக் காலி செய்யேக்கை கிடைச்சது" என்றார். "ஆர் வைச்சிருந்தவனோ, ஆரைச் சுட்டவனோ தெரியாது. எங்கட ஊர்ப் பேரைக் கண்டதும் வேற ஒண்டும் பாக்கேல்லை மச்சான். வாங்கிப்போட்டன்."

வேறு ஒன்றும் பார்க்கவில்லை என்பதைப் பெருமையாகத்தான் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலை என்னை ஒரு பழைய ஆயுதச் சந்தைக்கு அழைத்துப் போனார். ஒரு ஹோட்டலின் விருந்து மண்டபம். முந்தின நாள் ஏதோ கல்யாணம் நடந்திருக்க வேண்டும், கூரையில் ஓர் இதய வடிவ பலூன் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் கீழே நீள மேசைகளில் வாள், குத்துவாள், ரிவால்வர், குண்டு போடும் பை. மேசைக்குப் பின்னால் கம்பளிச் சட்டை போட்ட வயதான வெள்ளைக்காரர்கள், பாலாடைக்கட்டி சாண்ட்விச்சைக் காகிதத்தில் சுற்றிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நம் ஊரில் துப்பாக்கி என்றால் மீசை வேண்டும். இங்கே காது கேட்கும் கருவி போதும்.

பக்கத்து மேசையில் ஒருவர் மற்றவரிடம் சொன்னது காதில் விழுந்தது: "இதை நான் எப்போதோ விற்றுவிட்டதாகத்தான் என் மனைவி இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறாள்." மற்றவர் ஆழ்ந்த அனுதாபத்தோடு, "எங்கே ஒளித்து வைக்கிறாய்?" என்று கேட்டார். "அவளுடைய தையல் மெஷினுக்குள். அவள் அதைத் தொடுவதே இல்லை."

இந்த நாட்டுச் சட்டத்தை ஞானம் எனக்கு அங்கேதான் விளக்கினார். இங்கிலாந்தில் சாதாரண மனிதர் கைத்துப்பாக்கி வைத்திருக்க முடியாது. வைத்திருந்தால் சிறை. ஆனால் ஒரு ரிவால்வர் மிகப் பழையதாக இருந்து, அதற்குப் பொருந்துகிற தோட்டா வழக்கொழிந்தது என்று அரசாங்கமே ஒரு பட்டியலில் போட்டிருந்தால், அதை வேடிக்கைப் பொருளாகவோ அலங்காரப் பொருளாகவோ வைத்துக்கொள்ளலாம். உரிமம்கூட வேண்டாம். பூச்சாடியை வைத்திருப்பதுபோலத்தான். அந்தப் பட்டியலை ஒவ்வொரு மேசையிலும் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்தார்கள்.

ஒரு தோட்டாவைக் கொடுத்தாலும் பதிவேட்டில் பெயர், உரிம எண், கையெழுத்து எல்லாம் வாங்குகிறவன் நான். மேசையில் கிடந்த ரிவால்வரை ஒருவர் எடுத்துப் பார்த்து, பணத்தைக் கொடுத்து, கீரைக்கட்டு மாதிரி பையில் போட்டுக்கொண்டு போனதைக் கண்டதும் எனக்கு வியர்த்துவிட்டது.

மண்டபத்துக்கு வெளியே நின்று டீ குடிக்கும்போது, இத்தனை நாள் கேட்காததைக் கேட்டேன். "மாப்பிள்ளை, எங்க கடைப் பக்கமே தலைவெச்சுப் பாக்காத ஆளு நீங்க. இது எப்படி?"

காகிதக் குவளையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஊரில என்னை ரண்டு தரம் பிடிச்சு வைச்சவங்கள். ரண்டு தரமும் நெத்தியில துவக்கை வைச்சவங்கள். அது என்ன நிறம், என்ன மாதிரி எண்டு கேட்டால் எனக்குத் தெரியாது மச்சான். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நிண்டனான். இப்ப ஆறுதலாப் பாக்கிறன். குண்டு இல்லாத துவக்கு, கண்ணாடிப் பெட்டிக்குள்ள, சாவி என்ர கழுத்தில. வடிவாப் பாக்கிறன்."

பிறகு, "டீ ஆறுது, குடியுங்கோ" என்றார்.

திங்கட்கிழமை மதியம் வேலையைத் தொடங்கினேன். சாப்பாட்டு மேசையில் பழைய போர்வையை விரித்துக் கொடுத்தாள் பவானி. ஞானத்திடம் கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் சிறிய திருப்புளிகளும், ஒரு வெர்னியர் அளவுகோலும் இருந்தன. கண்ணாடியை மாட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்து ரிவால்வரைக் கையில் எடுத்தேன். விசையை இழுத்தால் உருளை கால்வாசி சுற்றி, பல்லைக் கடித்ததுபோல் நின்றது.

அச்சாணியைக் கழற்றி உருளையை வெளியே எடுத்தேன். ரிவால்வரின் இதயம் அதுதான். ஆறு துளை, துளைக்கு ஒரு தோட்டா. உருளை ஏன் உரசுகிறது என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்தது. அது இந்தத் துப்பாக்கியோடு பிறந்த உருளையே இல்லை. துப்பாக்கியின் உடற்பகுதியில் ஓர் எண் வெட்டியிருந்தது, உருளையில் எண்ணே இல்லை. யாரோ வேறொன்றைக் கடைந்து, கறுப்பு ஏற்றிப் பழசாக்கி, உள்ளே திணித்திருந்தார்கள். கடைசல் வேலையும் சுமார்தான். துளைகளின் உட்புறம் புது எவர்சில்வர் டம்ளர்போலப் பளபளத்தது.

வெர்னியரை எடுத்துத் துளையை அளந்தேன். ஆழத்தை அளந்தேன். மறுபடியும் அளந்தேன். அந்த அளவு எனக்கு மனப்பாடம். அதற்குப் பொருந்துகிற தோட்டா என் கடையில், கல்லாவுக்குப் பின்னால், இரண்டாவது தட்டில் இருக்கிறது. போன மாதம்கூட ஒரு டாக்டருக்கு விற்றேன்.

"என்ன மச்சான், சரிவருமே?" என்றார் ஞானம்.

"மாப்பிள்ளை, இது துப்பாக்கி."

"துவக்குத்தானே வாங்கினனான்!"

"இல்ல மாப்பிள்ளை. இதுக்குத் தோட்டா இருக்கு. இன்னைக்கும் செய்யறாங்க. வேணும்னே துளையை மாத்தியிருக்காங்க. உங்க சட்டப்படி இது அலங்காரப் பொருள் இல்லை. நெஜத் துப்பாக்கி."

அவர் முகம் மெல்ல மாறியது. பதினொன்றில் ஒன்று, மகளின் பட்டமளிப்புப் படத்துக்குப் பக்கத்தில், ஒரு வருடமாக. விருந்தாளிகளுக்கெல்லாம் காட்டியிருக்கிறார். ஒரு தடவை கவுன்சிலிலிருந்து ஜன்னல் பார்க்க வந்தவருக்குக்கூடக் காட்டினாராம்.

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. உருளையைக் கொஞ்சம் தேய்த்து மாட்டினால் ஐந்து நிமிடத்தில் சரியாகச் சுழலும். அதாவது, சுற்றுலா விசாவில் வந்த நான், தங்கை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, சட்டவிரோதமான ஒரு துப்பாக்கியைச் சுடத் தயாராக்கிக் கொடுக்கவிருந்தேன். திருப்புளியைக் கீழே வைத்தேன். அதில் என் கைரேகை இருந்தது. ரிவால்வரிலும் இருந்தது. போர்வையில் எண்ணெய்க் கறை.

மூன்று பேரும் மூன்று யோசனை சொன்னோம். கால்வாயில் எறிந்துவிடலாம் என்றார் ஞானம். கறிவேப்பிலைத் தொட்டியின் அடியில் புதைக்கலாம் என்றாள் பவானி. விற்றவனிடமே திருப்பிக் கொடுக்கலாம் என்றேன் நான். விற்றவனின் பெயர்கூடத் தெரியாது என்றார் ஞானம். ரசீது இல்லை. ஊர்ப் பெயரைக் கண்டதும் வேறு ஒன்றும் பார்க்கவில்லை என்று அவர்தான் முன்பே சொல்லிவிட்டாரே.

"தேவனைக் கேப்பம்" என்றார் கடைசியில். தேவன் மலேசியத் தமிழர், ஈப்போவில் பிறந்தவர், சட்டம் படிக்க வந்து இங்கேயே வழக்கறிஞராக இருந்து ஓய்வுபெற்றவர். மனோர் பார்க்கில் வீடு. போன் செய்யுங்கள் என்றேன். ஞானம் குரலைத் தாழ்த்தினார். "போனில துவக்குக் கதை கதைக்கக் கூடாது மச்சான்." முப்பது வருடம் லண்டனில் வாழ்ந்தும் விடாத பழக்கம். அன்று தேவனும் வீட்டில் இல்லையாம். மறுநாள் காலை நாங்கள் நேரில் வருவதாக மட்டும் ஞானம் அவருக்குச் செய்தி அனுப்பினார்.

செவ்வாய்க்கிழமை காலை புறப்படும்போது வாசலில் ஒரு சிறு பை இருந்ததைக் கண்டேன். பல்துலக்கும் தூரிகை, சோப்பு, சாரம் என்று ஞானம் சொல்லும் லுங்கி, தடித்த காலுறை, வாசிக்கிற கண்ணாடி. யாருடையது என்று பவானியைக் கேட்டேன்.

"அவரோடதுதான் அண்ணா. போலீஸ் புடிச்சா எடுத்துட்டுப் போகணுமாம். போன தடவை ஒண்ணும் எடுக்காம போயிட்டாராம்." அவள் திருச்சிக்குத் திரும்பியிருந்தாள்.

தேவனின் வீடு மனோர் பார்க் முருகன் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில், ஒன்றோடொன்று ஒட்டிய வரிசை வீடுகளில் ஒன்று. மலேசியப் பழக்கத்தில் மைலோ பானம் கலக்கிக் கொடுத்தார். நாங்கள் சொன்னதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு கண்ணைத் திறந்து, "அந்தச் சாமான் இப்ப எங்க?" என்றார்.

"வீட்டில, அலுமாரிக்குள்ள பூட்டி வைச்சிருக்கிறன்."

"நல்ல வேளை, பஸ்ல தூக்கிட்டு வரல. ஞானம், இது அஞ்சு வருசத்துக்குக் கொறையாத கேஸ் லா. தெரியாது, பழைய சாமான்னு நெனைச்சேன்னு சொன்னா மட்டும் கேக்க மாட்டாங்க. ஆனா நீங்களே கூப்பிட்டுச் சொல்லிட்டீங்கன்னா அது வேற கதை. எப்பத் தெரிஞ்சுது?"

"நேற்றுப் பின்னேரம்."

"அப்ப ஒரு நாள் ஏற்கனவே போச்சு. இப்பவே கூப்பிடணும்."

"நாளைக்குச் செய்வமே?" என்றார் ஞானம். ஒரு நாள் தவணை கேட்கும் குரல் இல்லை அது. அந்த ரிவால்வரோடு இன்னும் ஒரு நாள் இருக்கக் கேட்டார்.

"நாளைக்கின்னா, தெரிஞ்சே ரெண்டு நாள் வச்சிருந்ததா ஆயிடும்." தேவன் போனை எடுத்து, ஞானத்தின் முன்னால் வைத்தார்.

எடுத்த போலீஸ்காரர் மிகவும் பணிவாகப் பேசினார். யாருக்காவது ஆபத்து உண்டா என்று கேட்டார். இல்லை. துப்பாக்கியில் தோட்டா இருக்கிறதா? இல்லை. யாரும் தொட வேண்டாம், இரண்டு மூன்று மணி நேரத்தில் ஆட்கள் வருவார்கள், வீட்டில் இருப்பீர்களா? இருப்போம் என்றார் ஞானம். இருந்தது மனோர் பார்க்கில். வீடு லண்டனின் மறு கோடியில்.

மூன்று பேரும் ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினோம். உச்சிவேளை, முருகன் கோயில் நடை சாத்தியிருந்தது. சாத்திய கதவுக்கு முன்னால் ஞானம் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். "உங்கட பேரையும் சொல்லிக் கும்பிட்டனான் மச்சான். உங்கட கைரேகையும் உதில இருக்குது."

ரயில் சுரங்கத்துக்குள் பதினைந்து நிமிடம் நின்றது. முன்னால் போன ரயிலில் ஏதோ கோளாறு, பொறுத்தருள வேண்டும் என்று ஒலிபெருக்கி மன்னிப்புக் கேட்டது. யாரும் தலை நிமிரவில்லை. எதிரே இருந்த கிழவி தன் நாயிடம், "நான் சொன்னேன் இல்லையா, நடந்தே போயிருக்கலாம் என்று" என்றாள். இறங்கி பஸ் பிடித்தோம். நான்கு நிறுத்தம் தாண்டியதும் பஸ் ஓரமாக நின்றுவிட்டது. சேவையைச் சீராக்குவதற்காக இந்தப் பஸ் இங்கே சிறிது நேரம் நிற்கும் என்று ஒரு பெண் குரல் அறிவித்தது. அதாவது, பஸ் நேரத்துக்கு முன்னால் ஓடிவிட்டதாம். திருச்சியில் அறுபது வருடமாகப் பஸ்ஸில் போகிறேன், இப்படி ஒரு குற்றத்துக்காக எந்தப் பஸ்ஸும் தண்டிக்கப்பட்டதில்லை.

ஓட்டுநரிடம் ஞானம் போனார். "தம்பி, போலீஸ் வீட்டுக்கு வருது, கெதியாப் போகவேணும்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். ஓட்டுநர் அவரை மேலும் கீழும் பார்த்து, கதவைத் திறந்துவிட்டு, "அப்படியென்றால் நீங்கள் ஓடுங்கள், நான் எதையும் பார்க்கவில்லை" என்றார். தேவன் தலையில் கை வைத்துக்கொண்டார். கடைசியில் டாக்சிதான்.

நாங்கள் போவதற்குள் போலீஸ் வந்துவிட்டது. வீட்டு வாசலில் நீலக் கட்டம் போட்ட கார். கதவைத் திறந்து உள்ளே போனதும் முதலில் கண்ணில் பட்டவை காலணி வைக்கும் தட்டில், பவானியின் செருப்புகளுக்கு நடுவே ஒழுங்காக அடுக்கியிருந்த இரண்டு ஜோடி கறுப்புப் பூட்ஸ்.

சாப்பாட்டு மேசையில், சீருடையில் செம்பட்டை முடிக்காரப் பெண் சார்ஜென்ட் ஒருத்தி, காலுறையோடு உட்கார்ந்து உளுந்து வடை தின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் சாதாரண உடையில், துப்பாக்கி நிபுணர் என்ற ஒரு பெரியவர். காத்திருக்கும் நேரத்தில் பவானி வடை சுட்டிருக்கிறாள். பயந்தால் நான் பேசுவேன், அவள் சமைப்பாள்.

ஞானம் சார்ஜென்டைப் பார்த்தார். வாசலுக்குத் திரும்பி, அந்தப் பையை எடுத்துக்கொண்டு வந்து, இரண்டு காலையும் சேர்த்து வைத்து நின்றார்.

"எங்காவது பயணம் போகிறீர்களா?" என்று கேட்டாள் சார்ஜென்ட்.

"உங்களோடு" என்றார் ஞானம்.

அவளுக்குப் புரியச் சில நொடிகள் ஆயின. வடையைத் தட்டில் வைத்தாள். "ஐயா, இன்றைக்கு உங்களைக் கூட்டிப் போக நான் வரவில்லை. துப்பாக்கியைத்தான். உட்காருங்கள். அந்தப் பையைக் கீழே வையுங்கள்."

அவர் உட்கார்ந்தார். பையை மடியில் வைத்துக்கொண்டார்.

ஞானத்திடம் சாவியை வாங்கிய நிபுணர் கையுறை போட்டு, அலமாரியிலிருந்து அந்த ரிவால்வரை எடுத்துவந்து உருளையைப் பார்த்தார், தன் அளவுகோலால் அளந்தார். இதைக் கண்டுபிடித்தது யார் என்றார். நான் கையைத் தூக்கினேன், பள்ளிக்கூடத்தில் தூக்குவதுபோல. பழுது பார்த்தீர்களா என்று கேட்டார். கழற்றினேன், மாட்டவில்லை என்றேன். "அந்த இடத்தில் நிறுத்தினீர்களே, மிக நல்லது" என்று கைகுலுக்கினார். பிறகு கண்ணாடி அலமாரி முன்னால் போய் நெடுநேரம் நின்றார். திராட்சைக் கொடி ரிவால்வரைப் பார்த்த பார்வை போலீஸ் பார்வை இல்லை. "அழகான சேகரிப்பு" என்றார் மெதுவாக. "ஆனால் எல்லாவற்றையும் எடுத்துப் போக வேண்டியிருக்கும். சோதித்துவிட்டு, சரியாக இருப்பவற்றைத் திருப்பித் தருவோம். அந்த ஒன்று மட்டும் திரும்பி வராது. அழித்துவிடுவார்கள்."

தேவன் என் காதில், "கேஸ் இருக்காதுன்னு நெனைக்கிறேன், ஆனா உறுதியாச் சொல்ல முடியாது" என்றார்.

"அந்தத் தகட்டை மட்டும் கழற்றித் தரேலாதே?" என்று ஞானம் கேட்டார். தமிழில் கேட்டுவிட்டு, பிறகு ஆங்கிலத்தில் கேட்டார். நிபுணர் சார்ஜென்டைப் பார்த்தார். சார்ஜென்ட் தலையசைத்து மறுத்தாள். சாட்சியப் பொருளில் எதையும் கழற்ற முடியாதாம். உண்மையாகவே வருத்தப்பட்டாள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

பதினோரு ரிவால்வர்களையும் ஒவ்வொன்றாக எடுத்து, குழலுக்குள் பிளாஸ்டிக் வார் கோத்து இறுக்கி, பைகளில் போட்டுச் சீல் வைத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதினாள் சார்ஜென்ட். நீளம், நிறம், எண், அடையாளம். பதினோராவது வரியில் அடையாளம் என்ற இடத்தில் ஊர்ப் பெயரை எழுத்துக் கூட்டி எழுதிவிட்டு, "இது உச்சரிப்பு எப்படி?" என்று கேட்டாள். ஞானம் சொன்னார். அவள் இரண்டு தடவை முயன்றாள். மூன்றாம் தடவை ஏறக்குறைய வந்தது.

பிறகு கையெழுத்துப் போட்டு, ஒரு பிரதியைக் கிழித்து அவரிடம் நீட்டினாள். பூட்ஸை மாட்டிக்கொண்டு, வடைக்கு நன்றி சொல்லி, பைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

வெறும் வெல்வெட்டில் பதினோரு பள்ளங்கள். அலமாரியைத் திறந்தபடியே விட்டுவிட்டு ஞானம் நாற்காலியில் உட்கார்ந்து அந்தத் தாளை முதல் வரியிலிருந்து படித்தார். பவானி டீ கொண்டுவந்து வைத்தாள். அவர் அழுகிறாரோ என்று நான் வேறு பக்கம் பார்த்தேன்.

"எங்கட வீட்டில இருந்து சைக்கிளைக் கொண்டு போனவங்கள்" என்றார். "ரேடியோவைக் கொண்டு போனவங்கள். சின்னண்ணையைக் கொண்டு போனவங்கள். ஒரு நாளும் ஆரும் ஒரு துண்டுச்சீட்டுத் தரேல்லை மச்சான். இது தந்திருக்கினம், பாருங்கோ. பேர் போட்டு, திகதி போட்டு."

தாளை என்னிடம் நீட்டினார். அழகான கையெழுத்து. நான் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அவர் அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மடியில் இருந்த பையைத் திறந்து சாரத்தை எடுத்து, உடை மாற்ற உள்ளே போனார்.

மிச்சமிருந்த நாட்களில் லண்டனைப் பார்த்தேன். பாலம், அரண்மனை, பெரிய கடிகாரம் எல்லாம் அவை இருக்கவேண்டிய இடங்களில் இருந்தன. அரண்மனை வாசலில் உயரத் தொப்பி போட்ட காவலரின் துப்பாக்கியைப் பார்த்ததும், வெர்னியர் இல்லாத குறையை உணர்ந்தேன். ஞானம் எங்களோடு எல்லா இடத்துக்கும் வந்தார், வறுத்த மீனும் உருளைக்கிழங்கும் வாங்கிக் கொடுத்தார், அதற்கு மிளகாய்த்தூள் வேண்டும் என்று கடைக்காரரோடு வாதாடினார். ரிவால்வர் பேச்சை எடுக்கவே இல்லை.

நான் ஊர் திரும்பி மூன்று மாதம் கழித்துப் பவானி போன் செய்தாள். கடிதம் வந்துவிட்டதாம். வழக்கு இல்லை. யாழ்ப்பாணத்து ரிவால்வரை அழித்துவிட்டார்கள். மற்ற பத்தும் சட்டப்படி சரி, நிலையத்துக்கு வந்து எடுத்துப் போகலாம். நானும் மூச்சு விட்டேன். கடையில் அப்போது இடைத்தேர்தலுக்காக ஒப்படைத்த நாற்பது துப்பாக்கிகள் சுவரோரம் சாய்ந்திருந்தன.

மேலும் ஒரு மாதம் போயிற்று. பேச்சுவாக்கில், எல்லாம் பத்திரமாக வீடு வந்து சேர்ந்துவிட்டதா என்று ஞானத்தைக் கேட்டேன்.

"இன்னும் எடுக்கப் போகேல்லை" என்றார்.

"ஏன் மாப்பிள்ளை? ஒரு மாசமாச்சே."

"என்ன அவசரம் மச்சான்? பொலிஸ் வைச்சிருக்குது. துண்டு என்னட்டை இருக்குத்தானே."